ஒரு பொட்டுப் பனியில்லாத பனி விடுமுறை

ஆஷ்டன் நாட்ச், வெர்மான்ட்
பிப்ரவரி 19, வியாழக்கிழமை

‘பள்ளத்தாக்குக் குரல்’ வார இதழின் ஆசிரியரும், இருபத்தாறு ஆண்டுகளாக என் மனைவியின் அண்ணனுமாகிய திரு. கிளிஃபர்ட் பெல்கி அவர்களுக்கு, இவ்வூர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர் நார்பர்ட் லவாய் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பெர்னடெட்டும் மகள் ஜோசெட்டும் நலமாக இருக்கிறோம். தங்கள் நலத்தையும், தங்கள் வலது கால் கட்டைவிரலின் நலத்தையும் அறிய விரும்புகிறோம். மருத்துவர் கூடாதென்று சொன்ன பன்றி வறுவலைத் தாங்கள் அடியோடு நிறுத்திவிட்டதாகத் தங்கள் துணைவியார் பெருமையாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதியம் பாலத்தடி உணவகத்தில் தாங்கள் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன். மச்சான் என்று எழுதினால் அச்சில் அவ்வளவு கௌரவமாக இராது என்பதால் இந்தக் கடிதம் முழுவதும் தங்களை ‘ஆசிரியர் அவர்களே’ என்றுதான் அழைக்கப்போகிறேன். வரும் இதழில் முதல் பக்கத்தில் இடம் ஒதுக்கவும். சுருக்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, நேற்று புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் பனி விடுமுறை விட்டேன். ஒரு பொட்டுப் பனி விழவில்லை. இது உண்மை, இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு என் வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பள்ளிக்குழு ஓட்டெடுக்கவிருந்ததாகவும், அந்த ஓட்டெடுப்புக்குப் பயந்து கூட்டத்தை ரத்தாக்கவே நான் லீவு விட்டதாகவும் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. முடிவெட்டும் கடையில் ஆரம்பித்த அது மாட்டுத்தீவனக் கடை வழியாகத் தேவாலயம் வரைக்கும் போய்விட்டதாம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்த வேலை போனால் இந்த வயதில் எந்த ஊர்க்காரன் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போடுவான்? போட்டாலும், ஜன்னலுக்கு வெளியே நம்ம மலையைப் பார்க்காமல் எனக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி, ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

தப்பு எல்வின் மேல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்ச் சாலை மேற்பார்வையாளர் எல்வினுக்குத்தான் வழக்கம்போல அதிகாலை நாலரை மணிக்குப் போன் போட்டேன். “மேற்கால மலைப்பக்கம் கருகருன்னு இருக்கு சார்” என்றார். அந்நேரத்தில் எல்லாப் பக்கமும் கருகருவென்றுதான் இருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பொறுப்புள்ள அதிகாரி என்ற முறையில் உடனே சமையலறைக்குப் போய், இருநூற்று நாற்பது வீட்டுக்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்லும் அந்தத் தானியங்கித் தொலைபேசியில் என் குரலைப் பதிவுசெய்ய ஆரம்பித்தேன். “காலை வணக்கம். நான் கண்காணிப்பாளர் லவாய் பேசுகிறேன். கடும் பனிப்பொழிவு எதிர்பார்க்கப்படுவதை முன்னிட்டு இன்று பள்ளி விடுமுறை” என்று கம்பீரமாகத்தான் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கை தண்ணீர் குடிக்க எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “எங்கேங்க பனி? ஜன்னலைத் தொறந்து பாருங்க, நட்சத்திரம் ஒண்ணொண்ணா எண்ணலாம். கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல புத்தி கெட்டுப் போச்சா? அப்படியே அந்த ஓட்டை பனியனைக் கழட்டித் துவைக்கப் போடுங்க, நாலு நாளா பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். பேசும்போது அவள் கையை என் முகத்துக்கு நேரே ஆட்டியதில் பதறி, பதிவை அழிக்கும் பொத்தானுக்குப் பதிலாக அதற்குப் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். அந்த இயந்திரத்தில் ஒன்றை அனுப்பிவிட்டால் திரும்பக் கூப்பிட வழியே கிடையாது, மச்சான்.

காலை ஏழு மணிக்கு வெயில் அடித்தது. சும்மா வெயில் இல்லை, கூரை ஓரத்தில் குருவிகள் குளிர்காயும் வெயில். புல்வெளி காய்ந்த பழுப்பாக நிம்மதியாகக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காரைக் கழுவினார், என்னைப் பார்த்ததும் குழாயைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்தார். பெர்னடெட் பள்ளிச் சமையற்கூடத்துக்குத் தலைவி என்பதால் அவளுக்கும் லீவு. ஜோசெட் பதினேழு வயதுக்காரி, பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், பத்து மணிக்கு முன்னால் லீவு நாளில் எழுந்திருக்கிற வழக்கமே கிடையாது. அவள் எட்டு மணிக்கே இறங்கி வந்து ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பா, பனி எங்கப்பா?” என்றாள். “வரும்மா, வழியில இருக்கு” என்றேன். பெர்னடெட், “ஆமா, பஸ் பிடிச்சு வருது” என்றாள்.

இங்கேதான் ஆசிரியர் அவர்களே, தங்கள் பங்கு வருகிறது. போன வாரத்து இதழில் ஐந்தாம் பக்கத்தில் ‘பனி விடுமுறையில் வீட்டிலேயே குடும்பத்தோடு குதூகலிக்கப் பத்து வழிகள்’ என்று தாங்கள் அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அதை நான் ஏற்கனவே வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். முதலாவது வழி, குடும்பமே உட்கார்ந்து ஆயிரம் துண்டுப் படப்புதிரைச் சேர்ப்பது. கலங்கரை விளக்கப் படம் ஒன்றை வாங்கி, முந்தின நாளே மேஜையைத் துடைத்து, துண்டுகளைக் கொட்டி, மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தேன். ஜோசெட் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். “ஓரத் துண்டெல்லாம் நீங்க பொறுக்குங்கப்பா, வானத்தை நான் பார்த்துக்கறேன்” என்றாள். நான் நாலு ஓரத்துண்டு பொறுக்கியிருப்பேன், வாசல் மணி அடித்தது.

தபால்காரி வின்னி நின்றாள், சீருடையில், இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். “சார், நீங்க லீவு விட்டீங்க. தபாலாபீஸ்ல எனக்கு யாரும் லீவு விடல. இதுங்க ரெண்டும் காலைல சாப்பிட்டாச்சு. நாலு மணிக்கு வந்து கூட்டிக்கறேன்” என்று சொல்லி, நான் வாயைத் திறக்கும் முன்னால் வண்டியை எடுத்துவிட்டாள். கதவைச் சாத்தவில்லை, பல் மருத்துவர் மூன்று பிள்ளைகளோடு. அவர் போகவில்லை, குழாய் ரிப்பேர்காரர் வந்தார், ஒரு பிள்ளையோடும் ஒரு நாயோடும். “நாய்க்கும் பள்ளிக்கூடமா?” என்று கேட்டேன். “புள்ளைய விட்டுட்டு இருக்காது சார், அதான்” என்றார். ஒன்பதரைக்குள் பத்தொன்பது பிள்ளைகள், மச்சான், நான் இரண்டு தடவை எண்ணினேன். வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் கிளம்பும்போது உள்ளே எட்டிப்பார்த்து, “பெர்னடெட்டம்மா, பனியனைத் துவைச்சாச்சா?” என்று விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிள்ளைகளுக்கு என் மேல் கோபம் ஏதும் இல்லை. ஒன்றாம் வகுப்பு டெலியா மட்டும் சோபா மூலையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டால், “எல்லாம் என்னாலதான் சார்” என்கிறாள். விசாரித்ததில் விஷயம் இதுதான். பனி விடுமுறை வேண்டும் என்றால் ராத்திரி பைஜாமாவை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும், தலையணைக்கு அடியில் கரண்டி வைக்க வேண்டும் என்பது நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, நாமும் செய்தவர்கள்தானே. “பைஜாமாவை மாத்திப் போட்டேன் சார். கரண்டி வைக்க மறந்து தூங்கிட்டேன். அதான் லீவு மட்டும் வந்துச்சு, பனி வரல” என்று கண்ணைத் துடைத்தாள். நான் முப்பத்தோரு வருடமாகக் கல்வித் துறையில் இருக்கிறேன். நேற்று முழுவதும் யாரும் என்னிடம் இதைவிடத் தெளிவாக ஒரு காரணம் சொல்லவில்லை.

அடுத்து தங்கள் மூன்றாவது வழி, போர்வைக் கோட்டை. நாலு நாற்காலி, இரண்டு போர்வை போதும் என்று எழுதியிருந்தீர்கள். பத்தொன்பது பிள்ளைகளுக்கு இரண்டு போர்வை எந்த மூலைக்கு? வீட்டிலிருந்த போர்வை, மெத்தை விரிப்பு, மேஜை விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் கூடத்துக்கு வந்தன. கோட்டைக்கு வாசல் கதவு வேண்டும் என்று யாரோ சொல்ல, மாலைக் கூட்டத்துக்கென்று நான் தேய்த்துத் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தொங்கவிட்டார்கள். அதை மீட்பதற்காக நான் குனிந்து உள்ளே நுழைந்தேன். அந்தச் சமயம் நாயும் உள்ளே வர நினைத்தது. திரைக் கம்பியோடு கோட்டை முழுக்க என் தலையில் இறங்கியது. இருட்டில், ஏழெட்டு முழங்காலுக்கு நடுவில், ஒரு நாய் என் காதை நக்கிக்கொண்டிருக்க, வெளியே ஜோசெட் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. “அப்பா, உசுரோட இருக்கீங்களா?” “இருக்கேம்மா.” “அப்ப அப்படியே இருங்க, துடைப்பம் எடுத்துட்டு வர்றேன்.” படப்புதிர் அதற்குள் மேஜையிலிருந்து தரைக்கு வந்து, கலங்கரை விளக்கத்தில் பாதியை நாய் தின்றிருந்தது.

இதற்குப் பிறகு நான் சற்று நேரம் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தப்பா? அந்த இருபது நிமிடத்தில் தங்கள் ஐந்தாவது வழி அரங்கேறிவிட்டது. காகிதத்தை மடித்துக் கத்தரித்துப் பனித்துளி செய்வது. வெளியே பனி இல்லை, உள்ளேயாவது செய்வோம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்களாம், நல்ல எண்ணம்தான். கைக்கெட்டிய காகிதம் எது? மாலைக் கூட்டத்தில் நான் படிக்கவேண்டிய, ஆறு வாரம் உட்கார்ந்து எழுதிய, நாற்பது பக்க ‘மூன்றாண்டுத் திட்ட அறிக்கை’. நான் வெளியே வந்தபோது எல்லா ஜன்னலிலும் அறிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் அதன் ஓட்டை வழியாக வந்து தரையில் பூப்பூவாக விழுந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பெர்னடெட் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “முன்னைக்கு இப்பத்தான் படிக்க நல்லாயிருக்கு” என்றாள். டெலியா முதல்முறையாகச் சிரித்தாள்.

பதினொரு மணிக்கு, சூடான மேப்பிள் பாகைப் பனிமேல் ஊற்றிச் சுருட்டித் தின்னும் ஏழாவது வழிக்கு வந்தோம். பனிமேல் ஊற்றுவதற்குப் பனி வேண்டும். “பாதாள அறை உறைபெட்டியில அஞ்சு வருஷத்துப் பனி ஒட்டிக் கிடக்கு, சுரண்டுங்க” என்றாள் பெர்னடெட். பிள்ளைகள் கரண்டியோடு இறங்கினார்கள். சுரண்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த மான் கறி முழுவதையும் வெளியே எடுத்து வைத்தார்கள், அது இளகத் தொடங்கியது, இளகினதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது என்று அவள் பெரிய அண்டாவை ஏற்றிவிட்டாள். போன நவம்பரில் நீங்களும் நானும் மூன்று நாள் மழையில் நனைந்து சுட்ட மான், மச்சான், ஒரே வேளையில் குழம்பானது. பாகு ஊற்றின பனியும் தட்டுத்தட்டாகப் போனது. கூடவே ஊறுகாய் வெள்ளரிக்காயும் டோனட்டும் வைத்து நம்ம ஊர் முறைப்படிதான் கொடுத்தோம். லேசாக மான் வாடை. பிள்ளைகள் தட்டை நக்கி வைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பத்தொன்பது பேரும் பனிச்சட்டை, கையுறை, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நின்று, “சார், பனி எப்ப வரும் சார்?” என்றார்கள். அந்த நேரத்தில்தான் எல்வின் பனி தள்ளுகிற லாரியில் வந்து இறங்கினார், தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால் காலையிலிருந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தாராம். நடந்ததைச் சொன்னேன். தலையைச் சொறிந்துவிட்டு, “பனி இல்லேங்கறதுதானே சார் குறை? ஒரு லோடு அடிச்சிட்டா?” என்றார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பனி ஹாக்கி அரங்கத்தில் பனிக்கட்டித் தளத்தை வண்டி வைத்துச் சீவி வழவழப்பாக்குவார்களே, அந்தச் சீவல் கட்டடத்துக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கும், தங்களுக்குத் தெரியும். அதை ஒரு லாரி வாரிக்கொண்டு வந்து என் முன்வாசல் புல்வெளியில் கொட்டிவிட்டார் எல்வின். வெயில் பளபளக்கும் மாவட்டம் முழுவதிலும் பனி இருந்த ஒரே இடம், லீவு விட்ட கண்காணிப்பாளரின் வாசல்! தெருவில் போகிற கார் எல்லாம் நின்று நின்று போயின. எட்டடி உயரம், ஆங்காங்கே இளஞ்சிவப்பு. தளத்தில் போட்டிருந்த சிவப்புக் கோடு கலந்து வந்திருக்கிறது. ஒருத்தரும் வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறவிட்டேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் நாய்கூட ஊளையிட்டது. பெர்னடெட் பள்ளிச் சமையற்கூடத்துச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவை எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தன என்று நான் விசாரிக்கவில்லை. “சார் ஒரு தடவை! சார் ஒரு தடவை!” என்று எல்லாரும் கத்தவே, கண்காணிப்பாளருக்கும் ஒரு மனது உண்டே, தட்டில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் எவனோ தள்ளிவிட்டான். உச்சியிலிருந்து சரிந்து, புல்வெளியைக் கடந்து, வேலிக் கதவு வழியாகப் போய், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸில் மோதி நின்றேன்.

பூட்ஸில் மாட்டுச் சாணம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், பள்ளிக்குழுத் தலைவி டோரிஸ் கிம்பல்.

டோரிஸம்மாவைப் பற்றி ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபத்திரண்டு வயது, எண்பது கறவை மாடு, எந்தப் பனிக்கும் ஒருநாள்கூடக் கறவையை நிறுத்தாதவர். அவர் என்னைப் பார்க்கவில்லை, குவியலைத்தான் பார்த்தார். பிறகு குனிந்து, “என்னய்யா நார்பர்ட், இது எந்த ஊர்ப் பனி? நடுவுல செவப்புக் கோடு ஓடுது” என்றார். நான் தட்டை விட்டு எழுந்து நின்று, “அம்மா, பொதுவாகப் பனி விடுமுறையன்று மாலைக் கூட்டம் ரத்தாவது வழக்கம், ஆனாலும்” என்று இழுத்தேன். “பனி பேஞ்சாத்தானேய்யா ரத்து? ஆறு மணிக்கு வந்து சேரு. ஊரே வருது. ஓட்டுக்குப் பயந்து ஒளிஞ்சிக்கிட்டான்னு பேசிக்கறாங்க.” அப்போது டெலியா ஒரு தட்டில் பாகும் பனியும் ஊறுகாயும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். டோரிஸம்மா நின்றபடியே தின்றார். மெதுவாக மென்றார். என் எதிர்காலம் அந்த வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது. “மான் வாசனை அடிக்குது” என்றார் கடைசியில். “இன்னொரு தட்டு போடு, பாப்பா.”

ஆறு மணிக்குப் போனேன். கோட்டில் பாகு, முதுகில் நாய் முடி, கையில் ஜன்னலிலிருந்து கழற்றிய அறிக்கை. நூலகக் கூடத்தில் நிற்க இடமில்லை. படிக்கச் சொன்னார்கள். பிரித்தேன், மூன்றாம் பக்கம் அறுமுனை நட்சத்திரமாக விரிந்தது. “இரண்டாம் ஆண்டு இறுதிக்குள் நமது குறிக்கோள்” என்று படித்தேன், அதற்கப்புறம் ஓட்டை. குழு உறுப்பினர் ஒருத்தர், “குறிக்கோள் என்னங்க?” என்று கேட்டார். ஓட்டை வழியாக அவரைப் பார்த்தேன், மச்சான், வேறென்ன செய்ய? யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவி, பின்வரிசைக்குப் போய், திரும்ப முன்னால் வந்தது. மாட்டுத்தீவனக் கடைக்காரர் எழுந்து, “லீவு எதுக்கு விட்டீங்கன்னு அதை மட்டும் சொல்லுங்க சார்” என்றார். எல்வின் சொன்னதைச் சொன்னேன். பின்வரிசையில் நின்ற எல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டார். அப்போது வின்னி எழுந்தாள். “காரணம் என்னவோ இருக்கட்டும். என் ரெண்டு வாண்டும் வீட்டுக்கு வர மாட்டேன்னு அழுதுதுங்க. நாளைக்கும் லீவு விடச் சொல்லி என்னைக் கெஞ்சுதுங்க. பத்தொம்பது புள்ளைங்களை ஒரு கீறல் இல்லாம பார்த்து, சோறு போட்டு அனுப்பியிருக்காங்க, இதுக்கு மேல ஒரு கண்காணிப்பாளர் என்ன பண்ணணும்?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

குழுவில் ஐந்து பேர், ஐந்து ஓட்டும் எனக்கே. மூன்று வருடம்! கூடவே டோரிஸம்மா இரண்டாவது தீர்மானம் ஒன்றும் கொண்டுவந்தார். “இன்னிக்குக் காலைல வந்த போன்ல ரெண்டு குரல் கேட்டுச்சு. அதுல ஒண்ணுக்குத்தான் புத்தி இருந்துச்சு. இனிமே லீவு விடறதை அந்தக் குரல் முடிவு பண்ணட்டும்.” ஆக, இனிப் பனி விடுமுறை விடும் அதிகாரம் என்னிடமிருந்து எடுக்கப்பட்டு திருமதி பெர்னடெட் லவாயிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. முதல் தீர்மானத்துக்குக் கை தட்டினார்கள். இரண்டாவதற்கு எழுந்து நின்று தட்டினார்கள். தங்கள் தங்கை தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டாள், ராணி மாதிரி.

ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுகூர்ந்து கீழ்க்கண்டவற்றை அச்சில் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்: லீவு விட்டதற்கு ஓட்டுப் பயம் காரணமில்லை; தவறு சாலை மேற்பார்வையாளரின் தகவலில்தான்; கண்காணிப்பாளர் கடமையைத் தவிர வேறெந்த நினைப்பும் இல்லாமல் நடந்துகொண்டார். தங்கள் பத்து வழிகளின் தலைப்பில் ‘மூன்று பேருக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் பிற்காலத்தவர் பிழைப்பார்கள். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் கட்டைவிரல் சீக்கிரம் வீக்கம் வடிந்து, ஆண்டவன் அருளால் தாங்கள் பனிக்காலம் பல கண்டு, பாகும் பன்றியும் பத்தியமில்லாமல் உண்டு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
நார்பர்ட் லவாய்,
பள்ளிக் கண்காணிப்பாளர் (இன்னும் மூன்று வருடத்துக்கு)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. மச்சான், இதை அச்சுல போடாதீங்க. ஒரு வரிகூட. நேத்து சாயங்காலம் தபால்ல சேர்க்கறதுக்காக மேஜையில வெச்சிருந்தேன், பெர்னி எடுத்துப் படிச்சுட்டா. முழுக்கப் படிச்சுட்டு, “எல்வின் நெஜமா என்ன சொன்னாரு?” அப்படின்னு ஒரே கேள்விதான் கேட்டா. இருபத்தாறு வருஷம் அவளோட வாழ்ந்துட்டு அதுக்கு மேல பொய் சொல்ல முடியல. “ரோடு என் வழுக்கைத்தலை மாதிரி காய்ஞ்சு கிடக்கு சார், தாராளமா பள்ளிக்கூடம் வைங்க”ன்னுதான் சொன்னாரு அந்த மனுஷன். ஊர் முன்னால நான் அவர் தலையில பழியைப் போட்டப்பவும் வாயைத் திறக்கல. நாளைக்கு நேர்ல போய் மன்னிப்புக் கேட்கணும். லீவு விட்டது நான்தான், வேணும்னேதான். ஆகஸ்டு வந்தா ஜோசெட் மினசோட்டாவுக்குப் படிக்கப் போயிடுவா. அவ பதிமூணு வயசுல ஒரு பனி நாள்ல நாங்க ரெண்டு பேரும் காலையிலேருந்து பொழுது சாயற வரைக்கும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தோம், என்ன பேசினோம்னுகூட ஞாபகமில்ல. அதுக்கப்புறம் அப்படி ஒரு நாள் அமையல. மூணு வருஷமா பனியும் சரியா விழல. இன்னும் ஒரே ஒரு நாள் கிடைச்சிடாதான்னு டிசம்பர்லேருந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பயம் பிடிச்சுப் போச்சு, மச்சான். அதான் விட்டுட்டேன். கடைசில அந்த நாளும் பத்தொம்பது பிள்ளைங்களோட போச்சு.

இன்னிக்குக் காலைல நாலரைக்கு பெர்னியே எழுந்து எல்வின்கிட்ட பேசினா, இருநூத்தி நாப்பது வீட்டுக்கும் “பள்ளிக்கூடம் உண்டு”ன்னு சுருக்கமா சொன்னா. நான் ஷூ மாட்டிக்கிட்டிருந்தேன். வந்து என் காலைப் பார்த்தா. “ஊருக்குத்தான் பள்ளிக்கூடம். இந்த வீட்டுக்கு லீவு. நான் போய் எல்லாருக்கும் சமைக்கறேன். நீங்க அதைக் கழட்டுங்க”ன்னா.

அதனால ஒரு விடுப்புக் கடுதாசி எழுதியிருக்கேன். என் மகளுக்குக் கடும் காய்ச்சல், அவள் அப்பாவுக்கும் அதே காய்ச்சல். இந்த மாதிரிக் கடுதாசி எத்தனையை முப்பத்தோரு வருஷத்துல சிவப்பு மையால அடிச்சுத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? இதுக்கு மட்டும் கீழேயே ‘அனுமதிக்கப்பட்டது, நா. லவாய்’னு கையெழுத்துப் போட்டுட்டேன். டோரிஸம்மா விசாரிச்சா எனக்கு நெஜமாவே உடம்பு சுடுதுன்னு சொல்லுங்க. வாசல் மணியோட கம்பியைப் பிடுங்கி வெச்சிட்டேன். படியில ஜோசெட் இறங்கி வர்ற சத்தம் கேட்குது, மச்சான். நான் போறேன்.